யாழ்ப்பாணம் 27 நிமிஷத்துல வராது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் உங்க பேப்பரோட ஞாயிறு இணைப்புல பக்கத்து நாடுகளுக்குப் போயிட்டு வர்றத பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. அதுல கீழ கட்டம் கட்டி, சென்னை யாழ்ப்பாணம் தூரம் 355 கிலோமீட்டர், விமானப் பயண நேரம் 27 நிமிடம்னு இருந்துச்சு. தூரம் சரி. நேரம் தப்பு. ஏதோ அச்சுப்பிழைன்னு விட்டுட்டு போற மாதிரி தப்பு இல்ல, அந்த 27ஐ நம்பி எங்க வீட்டுல ஒருத்தங்க ரொம்ப கஷ்டப்பட்டுட்டாங்க, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

நான் பொறந்து வளர்ந்தது எல்லாம் சென்னைதான், இப்ப வளசரவாக்கத்துல இருக்கேன். 28 வருஷம் ஸ்கூல்ல கணக்கு சொல்லிக் குடுத்துட்டு ரிட்டயர் ஆனேன். என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்கு பக்கத்துல இருக்கிற கொக்குவில் ஆளு, 80கள்ல படிக்க வந்தவர் அப்படியே இங்கயே இருந்துட்டார். அவரோட அக்கா, என் அண்ணி, இன்னும் கொக்குவில்லதான் இருக்காங்க, 66 வயசு, சுகர் இருக்கு. வயித்துல ஏதோ தொந்தரவுன்னு இங்க வந்து காட்டலாம்னு முடிவாச்சு. அண்ணி பையன் டொராண்டோல இருக்கான், அவன்தான் அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு ஸ்கேனுக்கு நேரம் வாங்கினான். யாழ்ப்பாணத்துல டிக்கெட் போட்டுக் குடுத்தவர் போன்ல "பன்னிரண்டு மணிக்கு பிளைட்"னு மட்டும் சொல்லியிருக்கார். பையன் கிட்ட உங்க பேப்பர் கட்டத்தோட போட்டோ இருந்துச்சு, யாரோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டது. 12 மணிக்கு கெளம்பினா 12.30க்கு சென்னை, வெளிய வர ஒரு மணி நேரம்னு வெச்சாலும் 2 மணிக்கு ஸ்கேனுக்கு போயிடலாம்னு கணக்கு போட்டுட்டான். டிக்கெட்ல எறங்குற நேரம் போட்டிருந்தத ஒருத்தரும் பாக்கல. நானும் கேக்கல, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

நடந்தத அப்படியே சொல்றேன். ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறுன்னு சொன்னதால அண்ணி காலையில ஆறரைக்கு ரெண்டு இடியப்பம் சாப்பிட்டதோட சரி. 8.15க்கு வீட்ட விட்டு வெளிக்கிட்டாங்க, யாழ்ப்பாணம் ஏர்போர்ட் இருக்கிற பலாலி கிட்டதான்னாலும் வெளிநாட்டு பிளைட்டாச்சே, மூணு மணி நேரம் முன்னாடியே போய் உக்காரணும். 12க்கு பிளைட் ஏறிச்சு. 1.20க்கு மீனம்பாக்கத்துல எறங்கிச்சு. இமிக்ரேஷன் வரிசை, பெட்டி வர்ற வரைக்கும் நிக்கிறது, கஸ்டம்ஸ் எல்லாம் முடிஞ்சு அவங்க வெளிய வரும்போது மணி 2.25. நாங்க வாசல்ல நின்னுட்டிருந்தோம். அண்ணி கை நடுங்கிட்டே இருந்துச்சு, கைப்பையில பிஸ்கட் வெச்சிருந்தும் ஸ்கேன் கெட்டுடும்னு தொடல. கார்ல ஏறினதும் என்கிட்ட கேட்டாங்க, "பிள்ளை, அரை மணித்தியாலம் எண்டுதானே பெடியன் சொன்னவன், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" கத்திப்பாராவுல நின்னு வடபழனியில நின்னு கீழ்ப்பாக்கம் பக்கம் போய் சேரும்போது 3.35. ஸ்கேன் கவுன்டர் மூணு மணியோட மூடிட்டாங்க. அடுத்த நேரம் ஒன்பது நாள் கழிச்சு. ரிசப்ஷன்லயே ஒரு ஜூஸ் வாங்கிக் குடுத்து உக்கார வெச்சோம். ஏழே கால் மணி நேரத்துக்கு மேல, அத்தனையும் வெறும் வயித்துல, 355 கிலோமீட்டருக்கு.

இப்ப கணக்குக்கு வர்றேன், ஏன்னா இந்த 27 எப்படி வந்துச்சுன்னு எனக்கு பாத்த உடனேயே தெரிஞ்சிடுச்சு. நெட்ல தூரம் கணக்கு போட்டுத் தர்ற பக்கங்கள் நெறைய இருக்கு, ரெண்டு ஏர்போர்ட் பேரக் குடுத்தா பூமி உருண்டை மேல ஒரு நூல ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இழுத்துப் பிடிச்ச மாதிரி நேர் தூரத்த சொல்லும், அதுல ஒண்ணும் தப்பில்ல. பிறகு அந்த தூரத்த மணிக்கு 800 கிலோமீட்டர்னு ஒரு வேகத்தால வகுத்து நேரத்த குடுத்துடும். 355ஐ 800ஆல வகுத்து 60ஆல பெருக்குங்க, 26.6 வரும், முழுசாக்கினா 27. ஏழாம் கிளாஸ் பிள்ளைங்க நோட்டுல நான் சிவப்பு மை போட்டுப் போட்டு கை வலிச்ச தப்பு இது. தூரத்த வகுக்க வேண்டியது சராசரி வேகத்தால, வண்டி போகக்கூடிய உச்ச வேகத்தால இல்ல. பஸ் நூறுல போகும்னு மதுரைக்கு நாலே முக்கால் மணி நேரம்னு யாராவது எழுதினா நீங்க பேப்பர்ல போடுவீங்களா? மாட்டீங்க, ஏன்னா மதுரைக்கு நீங்க போயிருக்கீங்க.

அதுவும் போக அந்த 800 ஜெட் விமானத்தோட வேகம். பலாலிக்கு ஜெட் போறதில்ல. அங்க ஓடுபாதை பெரிய ஜெட் எறங்குற நீளம் இல்ல, 2019ல திரும்ப திறந்தப்ப சுமார் 1,400 மீட்டர்தான் ரெடி பண்ணியிருந்தாங்க. அதனால போறது ஏடிஆர், எழுபது எழுபத்தஞ்சு பேர் உக்கார்ற ரெண்டு காத்தாடி வெச்ச விமானம். அது நல்லா பறக்கும்போது மணிக்கு 500 கிலோமீட்டர் சொச்சம், உயரமும் 25,000 அடிக்கு மேல ஏறாது. சரி 500ன்னே வெச்சு வகுத்தாலும் 43 நிமிஷம் வந்துடுது, 27 அங்கேயே அடிபட்டுப் போச்சு. ஆனா அந்த 500ம் முழுசா கெடைக்காது. கதவ மூடினதுல இருந்து ஓடுபாதை முனைக்கு உருண்டு போகணும், மீனம்பாக்கம் மாதிரி எடத்துல முன்னாடி நிக்கிற விமானங்க போற வரைக்கும் காத்திருக்கணும், ஏறும்போது வேகம் கம்மி, எறங்கும்போது வேகம் கம்மி, எறங்கின பிறகும் நிக்கிற எடத்துக்கு உருண்டு வரணும். டிக்கெட்ல போடுற நேரம் இது எல்லாம் சேர்ந்ததுதான், கதவு மூடி கதவு திறக்கிற வரைக்கும். அதனாலதான் டிக்கெட்ல ஒண்ணேகால் மணி நேரம், சில நேரம் அதுக்கும் மேல போட்டிருக்கும். ஒரு மணி இருபது நிமிஷம்னா சராசரி மணிக்கு 266 கிலோமீட்டர். 800க்கு மூணுல ஒரு பங்கு.

இதே பக்கத்துல கொழும்புக்கு போட்டிருந்த கட்டத்தையும் பாத்தேன், அங்கயும் இதே வகுத்தல்தான். சென்னையில இருந்து கொழும்பு ஏர்போர்ட் இருக்கிற கட்டுநாயக்கா 645 கிலோமீட்டர் கிட்ட, யாழ்ப்பாணத்த விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஆனா டிக்கெட்ல பாருங்க, அதுக்கும் ஒரு மணி இருபது நிமிஷம் வாக்குலதான் இருக்கும். ரெண்டு மடங்கு தூரத்துக்கு அதே நேரம், ஏன்னா அங்க ஜெட் போகுது. எங்க பில்டிங்ல இத சொன்னப்ப ஒருத்தரும் நம்பல, டிக்கெட் எடுத்துக் காட்டினேன். தூரத்த மட்டும் வெச்சு நேரத்த சொல்ல முடியாதுங்கறதுக்கு இத விட என்ன வேணும்?

யாழ்ப்பாணம் இவ்வளவு கிட்டன்னு உங்க பேப்பர் எழுதினது எனக்கு ரொம்ப சந்தோஷம், அதையும் சொல்லிடணும். சென்னையில பாதி பேருக்கு இது தெரியாது. மதுரை ஏர்போர்ட் இங்கிருந்து நேர் தூரத்துல 415 கிலோமீட்டர் சொச்சம், பலாலி 355. மதுரைய விட யாழ்ப்பாணம் நமக்கு கிட்ட! ரெண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில இருக்கு, மதுரை மேற்க தள்ளிப் போயிடுது, பலாலி நமக்கு நேர் தெற்க. நான் கிளாஸ்ல சுவத்துல மாட்டியிருந்த மேப்ல ஸ்கேல் வெச்சு மீனம்பாக்கத்துல இருந்து கட்டுநாயக்காவுக்கு ஒரு கோடு போட்டுப் பாத்திருக்கேன், அந்த கோடு சரியா யாழ்ப்பாண குடாநாட்டு மேலதான் போகும். விமானம் அந்த கோட்டுலயே போகணும்னு இல்ல, ஆனா மேப்ல அப்படித்தான் இருக்கு.

அந்த கோட்ட நினைச்சா எனக்கு இன்னிக்கும் மனசு கனத்துடும். 2011ல நாங்க அங்க ஒரு கல்யாணத்துக்கு போனோம். பலாலியில அப்ப இங்கிருந்து பிளைட் இல்ல, கொழும்பு போய்த்தான் போகணும். விமானத்துல என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் உக்காந்து கீழயே பாத்துட்டு வந்தார், "இந்த நேரம் எங்கட ஊர தாண்டியிருப்பம்"னு மட்டும் சொன்னார். தாண்டிப் போய் கட்டுநாயக்காவுல எறங்கி, வேன் பிடிச்சு, ராத்திரி முழுக்க வந்த தூரத்துல பாதிக்கு மேல திரும்ப வடக்க வந்தோம். யாழ்ப்பாணத்துக்கு ரயில் அப்ப கெடையாது, 2014 அக்டோபர்லதான் திரும்ப ஓட ஆரம்பிச்சுது. வளசரவாக்கத்துல முதல் நாள் மத்தியானம் கெளம்பினவங்க கொக்குவில் போய் சேரும்போது மறுநாள் காலையில வெயில் வந்துடுச்சு, ரோட்டுல மட்டும் ஒன்பது மணி நேரம், என் பொண்ணு வேன் கண்ணாடியில தலைய முட்டி முட்டி தூங்கினா. வீட்டு மேல பறந்து போயிட்டு மறுபடி ரோட்டுல வர்றதுங்கறது அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

முன்ன அப்படி இல்ல சார். 1947 டிசம்பர்ல ஏர் சிலோன் தன்னோட முதல் விமானத்த விட்டதே இந்த வழியிலதான், கொழும்பு பக்கத்துல ரத்மலானையில ஏறி காங்கேசன்துறையில எறங்கி அங்கிருந்து மெட்ராஸ். டக்கோட்டா விமானம். காங்கேசன்துறை ஏர்போர்ட்னு அப்ப சொன்னது இந்த பலாலியத்தான், அது வழியில இருந்த ஸ்டாப். என் மாமனார் இருந்த வரைக்கும் சொல்லுவார், போருக்கு முன்னாடி கல்யாணப் புடவை எடுக்க பலாலியில ஏறி மெட்ராஸ் வந்துட்டு போவாங்கன்னு. அப்படி இருந்த பாதை வருஷக்கணக்கா மூடிக் கெடந்து 2019 அக்டோபர் 17ல திறந்து, நவம்பர்ல ரெகுலரா பிளைட் விட்டு, நாலு மாசத்துல கொரோனா வந்து நின்னு, 2022 டிசம்பர்ல மறுபடி ஆரம்பிச்சது. 2024 செப்டம்பர்ல இன்னொரு கம்பெனியும் வந்துச்சு. முதல் தடவ நேரா போனப்ப என் வீட்டுக்காரர் பலாலியில படிக்கட்டு எறங்கி கீழ நின்னு செருப்ப கழட்டிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்னார், பின்னாடி வந்தவங்க சுத்திப் போனாங்க. அதனால நேரத்த பத்தி நான் கொறை சொல்றதா யாரும் நினைச்சுடாதீங்க. 2011ல பட்டதுக்கு முன்னாடி ஏழே கால் மணி நேரம் எங்களுக்கு வரம். வரத்த வரமாவே சரியான நம்பரோட எழுதுங்கன்னுதான் கேக்கறேன்.

ஒரு நல்ல விஷயம், கடிகாரம். இலங்கைக்கும் நமக்கும் இப்ப ஒரே நேரம். 1996ல இருந்து 2006 ஏப்ரல் வரைக்கும் அங்க கடிகாரத்த முன்னாடி தள்ளி வெச்சிருந்தாங்க, கடைசி வருஷங்கள்ல நம்மள விட அரை மணி நேரம் முன்னாடி, டிக்கெட்ல ஏறுற நேரத்தையும் எறங்குற நேரத்தையும் கழிச்சா தப்பா வரும். இப்ப அந்த சிக்கல் இல்ல, நேரா கழிச்சுக்கலாம், அதனால உங்க நிருபர் ஒரு டிக்கெட்ட எடுத்து பாத்திருந்தாலே 27 வந்திருக்காது.

கப்பல் பத்தியும் ரெண்டு வரி போட்டிருந்தீங்க, நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறை நாலு மணி நேரம்னு. அது பரவால்ல, 110 கிலோமீட்டர் கடல், கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும். ஆனா சென்னைக்காரன் அத படிச்சா நாகப்பட்டினம் போக ஒரு ராத்திரி ஆகுங்கறது அதுல இல்லையே. பிளைட்டுக்கும் இதே கதைதான். வீட்டுக் கதவ பூட்டினதுல இருந்து அந்தப் பக்க வீட்டுக் கதவு தட்டுற வரைக்கும் எவ்வளவு நேரம், அதுதானே சார் படிக்கிறவங்களுக்கு வேண்டியது? அண்ணி வந்த அன்னிக்கு நான் ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். 355 கிலோமீட்டர், 8.15ல இருந்து 3.35 வரைக்கும், மணிக்கு 48 கிலோமீட்டர் வருது. பறந்தது வெறும் ஒரு மணி இருபது நிமிஷம், மீதி ஆறு மணி நேரம் வரிசையிலயும் நாற்காலியிலயும் கார்லயும். மதுரைக்கு வைகை எக்ஸ்பிரஸ்ல போனாலும் ஏழு ஏழரை மணி நேரந்தான்.

இதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு, சின்ன தூரத்துக்குத்தான் இந்த வித்தியாசம் ரொம்ப கடிக்கும். லண்டனுக்கு நேர் பிளைட் பத்து மணி நேரத்துக்கு மேல பறக்கும், அதுல முன்ன பின்ன ஆறு மணி நேரம் சேர்ந்தாலும் கணக்கு தலைகீழா மாறாது. பக்கத்து நாட்டுக்கு பறக்குறது ஒரு மணி நேரம், காத்திருக்கிறது ஆறு மணி நேரம். உள்ளூர் பிளைட் மாதிரி ஒன்றரை மணி நேரம் முன்னாடி போனா போதும்னு நினைச்சுட்டு போறவங்களும் இருக்காங்க, மதுரைய விட கிட்டதானேன்னு. தூரம் கிட்டதான், ஆனா நடுவுல ஒரு நாட்டு எல்லை இருக்கு. பாஸ்போர்ட், விசா பேப்பர், இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் லண்டனுக்கு எப்படியோ அப்படியேதான். வெளிநாட்டு பிளைட்டுக்கு கவுன்டர ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க, அதுக்கு பிறகு கெஞ்சினாலும் பெட்டி ஏறாது. அடுத்த பஸ்ல போயிக்கலாம்னு சொல்ற ரூட்டும் இல்ல இது, அன்னிக்கு விட்டா பெரும்பாலும் மறுநாள்தான்.

உங்க பக்கம் படிக்கிறவங்கள்ல டூர் போறவங்க கொஞ்சம்தான் இருப்பாங்க சார். அங்கிருந்து இங்க வர்றவங்க யாருன்னு நான் மீனம்பாக்கத்துல நின்னு பாத்திருக்கேன். கண் ஆபரேஷனுக்கு வர்ற பெரியவங்க, கேன்சர் வைத்தியத்துக்கு வர்றவங்க, பிரசவத்துக்கு மக வீட்டுக்கு வர்ற அம்மா, கனடாவுல இருந்து வர்ற புள்ளைங்கள இங்க வெச்சு பாக்க வர்ற அப்பா அம்மா. வீல்சேர் கேக்கறவங்க எத்தன பேரு! இவங்க சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் ஊசி நேரமும் பிளைட் நேரத்த வெச்சுத்தான் போகுது. இவங்க பிள்ளைங்க வெளிநாட்டுல இருந்துக்கிட்டு போன்லயே எல்லாம் ஏற்பாடு பண்றாங்க, அவங்களுக்கு கண்ணு நீங்க போடுற அந்தக் கட்டம்தான்.

அதனால திருத்தம் போடும்போது உள்பக்கத்துல மூலையில ரெண்டு வரி வேண்டாம், அதே ஞாயிறு இணைப்புல அதே அளவு கட்டமா போடுங்க. 355 கிலோமீட்டர் அப்படியே இருக்கட்டும். பிளைட் நேரம் ஒண்ணேகால்ல இருந்து ஒன்றரை மணி நேரம்னு போடுங்க, போறது ஏடிஆர்னும் சேத்து போடுங்க, அப்பதான் ஏன் இவ்வளவு நேரம்னு புரியும். அதுக்கு கீழ வீட்டுல இருந்து வீட்டுக்கு ஏழு மணி நேரம்னு கொஞ்சம் பெரிய எழுத்துல. அதே நாள்ல ஆஸ்பத்திரி நேரம் வாங்க வேண்டாம், மறுநாளைக்கு வாங்குங்கன்னு ஒரு வரி சேத்தீங்கன்னா கோடி புண்ணியம். கொழும்பு கட்டத்தையும் டிக்கெட்ட பாத்து மாத்திடுங்க.

அண்ணிக்கு ஒன்பது நாள் கழிச்சு ஸ்கேன் எடுத்தாச்சு, பயப்பட ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ஊருக்கு திரும்புறாங்க. தங்கள மாதிரியே கோண்டாவில்ல ரெண்டு பேர் அடுத்த மாசம் இங்க காட்ட வர்றாங்களாம், அவங்களுக்கு சொல்லணும்னு இப்பவே பரபரக்குறாங்க. அதுக்கு முந்தின ஞாயிறு திருத்தம் வந்துச்சுன்னா நான் அந்தப் பக்கத்த கத்தரிச்சு அவங்க கைப்பையில பாஸ்போர்ட்டோட வெச்சு அனுப்பிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு ரிட்டயர்டு கணக்கு டீச்சர்,
வளசரவாக்கம், சென்னை